எனக்காக நிறுத்தியதில்லை

விடுதி,
ஜூலை 3

அன்புள்ள மாமாவுக்கு,

இதனால் உற்றார் உறவினர் அனைவருக்கும் ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது என்னவென்றால், நேற்று மாலை விளையாட்டு நேரத்தில் என்னுடைய கைப்பேசி கைதாகிவிட்டது. அரையாண்டுத் தேர்வு முடியும்வரை வார்டனுடைய இரும்பு அலமாரியில் கடுங்காவல். ஜாமீன் கிடையாது. மலர்வளையம் அனுப்ப வேண்டாம், தபால்தலை அனுப்பவும்.

குற்றம் பெரிதல்ல. வார்டனின் குரலில் சமையல்கட்டுக்குப் போன் போட்டு, "இன்னைக்குப் பசங்களுக்கு ஆளுக்கு ரெண்டு முட்டை வைங்க" என்றேன். வைத்துவிட்டார்கள். அத்தனை வாயும் என்னை வாழ்த்தியது, ஒரு வாய் மட்டும் போட்டுக் கொடுத்தது. எங்கள் வார்டனுக்குக் கொக்கு என்று பெயர். அசையாமல் நிற்பார், திடீரென்று கொத்துவார். நேற்று மீன் நான்.

ஆகவே இனி நமக்குள் கடிதம்தான். நான் நலம். உங்கள் நலமறிய ஆவல் என்று எல்லோரும் சம்பிரதாயத்துக்கு எழுதுவார்கள், எனக்கு நிஜமாகவே ஆவல். உங்கள் நுரையீரலில் வாடகை தராமல் குடியிருக்கும் அந்த ஆசாமி காலி செய்கிறாரா? மூன்று வாரத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றும் மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று அம்மா சொன்னாள். அம்மா சந்தோஷத்தில் எதையும் கூட்டிச் சொல்வாள். நீங்கள் உள்ளபடி எழுதுங்கள்.

அத்தைக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
வாலு


மாடி அறை,
ஜூலை 14

அன்பு மருமகன் வாலுவுக்கு,

மாமாவின் ஆசி. நானும் அத்தையும் சௌக்கியம். உன் கைப்பேசிக்கு இரண்டு நிமிட மௌன அஞ்சலி செலுத்தினோம். அத்தை சிரித்துவிட்டதால் அது ஒரு நிமிடத்தில் முடிந்தது.

ஆஸ்பத்திரிக்கு எதிர்த் தெருவில்தான் எங்கள் வாடகை அறை. சன்னலைத் திறந்தால் மருந்து வாசனை, மூடினால் வீட்டுக்காரர் பையனின் டிரம்பெட். இரண்டில் எது வியாதி என்று தெரியவில்லை.

உள்ளபடி எழுதச் சொன்னாயே. கட்டி பாதியாகிவிட்டது. படத்தைப் பார்த்து டாக்டரே இரண்டு தரம் தலையாட்டினார். இந்த மருந்து நோயை நேராக அடிப்பதில்லையாம். நம் உடம்பிலேயே காவல்காரர்கள் இருக்கிறார்களாம். நோய் அவர்கள் கண்ணைக் கட்டிவிட்டிருந்ததாம். மருந்து அந்தக் கட்டை அவிழ்த்துவிடும், மிச்சத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். மருந்து ஏற்றும் சிஸ்டர் இப்படித்தான் விளக்கினார். கூடவே ஒரு எச்சரிக்கை: கண் திறந்த காவல்காரன் சில சமயம் வீட்டுக்காரனையே திருடன் என்று பிடிப்பான், அதனால் உடம்பில் எது புதிதாக வந்தாலும் உடனே கூப்பிடுங்கள் என்றார். இந்தக் கடித உறையும் அவர் கொடுத்ததுதான். அதில் அச்சடித்திருக்கும் எண் அதற்கானது.

பக்கத்து நாற்காலியில் ஒரு தையல்காரர் வருவார். நல்ல பேச்சுத்துணை. அவருக்கு வயிற்றுப்போக்கு வந்து மருந்தை நிறுத்திவிட்டார்கள். பாவம், அப்புறம் ஆளையே காணோம்.

இந்த ஒரு பக்கம் எழுதுவதற்குள் மூன்று தரம் எழுந்துபோய் வந்தேன். வெயில் காலம், தண்ணீர் நிறையக் குடிக்கிறேன் போல.

நன்றாகப் படி. முடியாவிட்டால் படிக்கிற மாதிரியாவது உட்கார்.

மாமா


விடுதி,
ஜூலை 22

அன்புள்ள மாமாவுக்கு,

நலம், நலம், நலம். முதலாவது எனக்கு, இரண்டாவது என் அறைத்தோழன் தூங்குமூஞ்சிக்கு, மூன்றாவது கொக்குக்கு. அவர் ஏன் நலமாக இருக்கிறார் என்று தெரியவில்லை.

கட்டி பாதியானதை விடுதி முழுக்க அறிவித்துவிட்டேன். இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் பெஞ்சின் மேல் ஏறி உங்கள் குரலில் பேசினேன்: "ஏம்ப்பா, படியில தொங்குறவங்க உள்ள வாங்க. உங்களுக்கு வேணா உயிர் வேண்டாம், எனக்கு வேலை வேணும்." கைதட்டல் கூரையைப் பிய்த்தது. உங்கள் குரலை உங்களைவிட நன்றாகப் பேசுபவன் இப்போது நான்தான். உடம்பு தேறி மறுபடி நீங்கள் பஸ் ஓட்டப் போகும்போது, குரலுக்கு என்னிடம் அனுமதி வாங்க வேண்டியிருக்கும்.

அத்தையைச் சினிமாவுக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னீர்களே, போனீர்களா? கதையை எழுதுங்கள். இங்கே எங்களுக்குக் காட்டுவது தாவரங்களின் வாழ்க்கை பற்றிய படங்கள்தான். அதில் சண்டைக்காட்சி குறைவு.

இப்படிக்கு,
வாலு


கீழ்த்தளப் பின்னறை,
ஆகஸ்ட் 19

அன்பு வாலுவுக்கு,

பதில் தாமதம். கோபித்துக்கொள்ளாதே. நீயும் உன் சகாக்களும் நலம் என்று நம்புகிறேன். இங்கே நலம்.

சினிமாவுக்குப் போனோம். பாதியில் எழுந்து வந்துவிட்டேன். படம் சரியில்லை. தேர்ந்தெடுத்தது அத்தை, அதனால் வீடு வரும்வரை அவள் என்னோடு பேசவில்லை. கதாநாயகன் தம்பியா அண்ணனா என்பதே எனக்குத் தெரியாது, அதனால் கதை கேட்காதே.

அறை மாற்றிவிட்டோம். அத்தைக்கு மாடிப்படி ஏறினால் கால் வலிக்கிறது. இது பின்பக்க அறை, வெளிச்சம் குறைவு, ஆனால் எல்லாம் கைக்கெட்டும் தூரம். டெப்போ நண்பன் மகள் கல்யாணத்துக்குப் போகவில்லை. நெடுந்தூரம், எதற்கு அலைச்சல். டீயையும் விட்டுவிட்டேன். அத்தை அதிசயமாகப் பார்க்கிறாள்.

மருந்து தவறாமல் ஏறுகிறது. அதுதானே முக்கியம்.

மாமா


விடுதி,
ஆகஸ்ட் 25

அன்புள்ள மாமாவுக்கு,

உடம்பு எப்படி என்று இந்தத் தடவை நான் மரியாதைக்குக் கேட்கவில்லை. குறுக்கு விசாரணை செய்கிறேன்.

ஒன்று: கரண்ட் போனாலும் தியேட்டரை விட்டு எழாமல், "பணம் கொடுத்தது இருட்டுக்கும் சேர்த்துதான்" என்று உட்கார்ந்திருந்த ஆள் நீங்கள். அடுத்தது, அத்தையின் கால். மே மாதம் எங்கள் வீட்டுக்கு வந்தபோது துணி காயப்போட மொட்டைமாடிக்கு என்னைத் தாண்டி ஓடிய கால் அது. அதற்கு வலி என்பது அத்தைக்குத் தெரியுமா? கடைசியாக டீ. நீங்கள் டீயை விட்டீர்கள் என்றால் மீன் தண்ணீரை விட்டது என்று அர்த்தம்.

மாமா, நான் சிரிக்கச் சிரிக்க எழுதுகிறேன், ஆனால் சிரிப்பு வரவில்லை. என்ன என்று எனக்கு மட்டும் சொல்லுங்கள். முட்டை விவகாரத்தில் கூட்டாளிகள் பெயரைக் கேட்டுக் கொக்கு எவ்வளவு கொத்தியும் நான் வாயைத் திறக்கவில்லை. நம்பலாம்.

வாலு


கீழ்த்தளப் பின்னறை,
செப்டம்பர் 2

அன்பு வாலுவுக்கு,

நீ போலீஸில் சேரலாம். அல்லது போலீஸ் உன்னைச் சேர்த்துக்கொள்ளும்.

சரி, சொல்கிறேன். ஒண்ணுக்குப் போகும்போது நெருப்பாக எரிகிறது. போய் வந்து உட்கார்ந்தால் மறுபடி முட்டுகிறது. போனால் நாலு சொட்டு. இடைநில்லா வண்டி ஓட்டியவன், இப்போது டவுன் பஸ் மாதிரி எல்லா நிறுத்தத்திலும் நிற்கிறேன். இரவில் தூக்கம் கிடையாது. போன வாரத்திலிருந்து நிறம் சிவப்பு. அத்தை பார்ப்பதற்குள் தண்ணீர் ஊற்றிவிடுகிறேன்.

முனை மருந்துக் கடையில் கேட்டேன். கிருமியாக இருக்கும் என்று மாத்திரை கொடுத்தான். முழுசாக விழுங்கியும் ஒரு பயனும் இல்லை. அப்புறம் எங்கள் தொழில் வைத்தியத்துக்கு வந்தேன். நீண்ட ஓட்டத்துக்கு முன்னால் டிரைவர் தண்ணீர் குடிக்கமாட்டான். உள்ளே போகாதது வெளியே வராது. குழந்தைக்காக, கிழவருக்காக, வாந்தி எடுக்கிற புது மாப்பிள்ளைக்காக எத்தனையோ தரம் ஓரம் கட்டியிருக்கிறேன். எனக்காக ஒரு நாளும் வண்டியை நிறுத்தியதில்லை. அது எனக்குப் பெருமை.

டாக்டரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்கள். தையல்காரருக்கு அதுதான் நடந்தது. கட்டி பாதிதான் போயிருக்கிறது, மீதிப் பாதி உள்ளே இருக்கிறது. ஊர் விளக்கு கண்ணுக்குத் தெரியும்போது எவனாவது பஸ்ஸை விட்டு இறங்குவானா? எரிச்சல்தானே, தாங்கிக்கொள்வேன்.

அத்தையிடமும் உன் அம்மாவிடமும் மூச்சு விடமாட்டேன் என்று நீ சத்தியம் செய்ததாக எடுத்துக்கொள்கிறேன்.

மாமா


விடுதி,
செப்டம்பர் 8

அன்புள்ள மாமாவுக்கு,

உட்கார்ந்துகொண்டு படியுங்கள். கையில் ஒரு சொம்பு தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள், பாதிப் பக்கத்துக்கு ஒரு மடக்கு.

சத்தியத்தை நான் காப்பாற்றினேன். அத்தையிடம் சொல்லவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை. சிஸ்டரிடம் சொல்லக்கூடாது என்று நீங்கள் எழுதவில்லை. உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்துவிட்டேன்.

நடந்தது இதுதான். மாலையில் கொக்கு செடிகளுக்குத் தண்ணீர் விடப் போனார். பூனை நடையில் அலுவலகத்துக்குள் புகுந்தேன். உறையில் இருந்த எண்ணைச் சுழற்றினேன். தொண்டையை நீங்கள் கனைப்பது போலவே கனைத்து, உங்கள் பெயரும் ஊரும் சொல்லி, "நான் டிரைவர் பேசுறேம்மா, ஒரு சின்ன விஷயம்" என்று ஆரம்பித்தேன். எரிச்சல், நாலு சொட்டு, சிவப்பு, கடை மாத்திரை, தண்ணீர் குடிக்காத வைத்தியம், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். சிஸ்டருக்குக் கடுகளவும் சந்தேகம் வரவில்லை. "நாளைக்குக் காலையிலயே வந்துடுங்க அண்ணா, நான் டாக்டர்கிட்ட சொல்லி வைக்கிறேன்" என்றார். கொக்கு திரும்பி வருவதற்குள் வெளியே வந்து, வெறும் கையோடு புத்தகம் படிக்கும் பாவனையில் நின்றேன். என் கலை வாழ்வின் சிகரம் இது. சாட்சிக்கு ஆள் இல்லாததுதான் குறை.

திட்டுங்கள். ஆனால் தண்ணீர் குடித்துவிட்டுத் திட்டுங்கள்.

வாலு


செப்டம்பர் 20

நீ எழுதிய கடிதம் நேற்றுத்தான் வந்தது. அதற்கு முன்னாலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

சிஸ்டர் கூப்பிட்டு, "நேத்து சாயந்திரம் பேசினீங்களே, இன்னும் ஏன் வரல?" என்றார். போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டது அத்தை. நான் பேசவே இல்லை என்றேன். நீங்கதான் பேசினீங்க என்று சிஸ்டர் அடித்துச் சொன்னார். அத்தை என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும்.

சோதனையில் கிருமி எதுவும் இல்லை. சின்னக் கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். சிறுநீர்ப்பையின் உட்சுவர் முழுக்கச் சிவந்து புண்ணாகியிருக்கிறது. நோய் அங்கே பரவவில்லை. மருந்தின் வேலைதான். கண் திறந்த காவல்காரன் வீட்டுக்காரனைப் பிடித்துவிட்டான்.

மருந்தை நிறுத்திவிட்டார்கள். எதற்குப் பயந்தேனோ அது நடந்துவிட்டது. இப்போதைக்கு எழுத வேறொன்றும் இல்லை.


விடுதி,
செப்டம்பர் 28

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தில் 'அன்பு' இல்லை, 'மாமா' இல்லை, எந்த அறையிலிருந்து எழுதினீர்கள் என்பதும் இல்லை. தபால்காரர் வேறு யாருடையதையோ எனக்குக் கொடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்கிறேன்.

எரிச்சல் குறைந்ததா? அதை மட்டும் எழுதுங்கள். ஒரு சொல் போதும்.

தூங்குமூஞ்சி வகுப்பில் நின்றுகொண்டே தூங்கினான். இது வேடிக்கையான செய்தி. நீங்கள் சிரிப்பீர்கள் என்று எழுதினேன்.

வாலு


விடுதி,
அக்டோபர் 10

அன்புள்ள மாமாவுக்கு,

நலமா?

வாலு


கீழ்த்தளப் பின்னறை,
அக்டோபர் 17

செல்லக் கண்ணுக்கு,

அத்தை எழுதுகிறேன். எனக்கு உங்கள் இருவர் மாதிரி எழுத வராது, பொறுத்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

மாமா உன் கடிதங்களை எல்லாம் தலையணைக்கு அடியில்தான் வைத்திருக்கிறார். "நலமா?" என்று ஒரே வார்த்தை எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார். எழுத உட்காருகிறார், பேனாவை மூடி வைத்துவிடுகிறார். உன்னிடம் கோபமாக இருப்பதற்கு இப்போது அவருக்கு வெட்கம். அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

புண் ஆற ஸ்டீராய்டு மாத்திரை கொடுக்கிறார்கள். ஒரு வாரத்திலேயே எரிச்சல் இறங்கிவிட்டது. இப்போது தண்ணீர் குடிக்கிறார், தூங்குகிறார். அந்த மாத்திரைக்குப் பசி அதிகமாம். அடுப்பிலிருந்து இறக்குவதற்குள் தட்டோடு வந்து நிற்கிறார். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் சிறுநீர்ப்பை சுருங்கிச் சிறுநீரகத்துக்கே ஆபத்தாகியிருக்கும் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார்.

உனக்கு ஒன்று சொல்கிறேன். ராத்திரி அவர் எழுந்து எழுந்து போனது எனக்குத் தெரியும். உள்ளே போய் அழுகிறார் என்று நினைத்தேன். ஆம்பளை அழுவதைப் பார்த்த மாதிரி காட்டிக்கொள்ளக் கூடாது என்று கண்ணை மூடிப் படுத்திருந்தேன். நான் தூங்குகிறேன் என்று அவர் நினைத்திருக்கிறார். இப்படியே ரெண்டு மாசம் ஓட்டியிருக்கிறோம் பார்.

அப்புறம், என் காலுக்கு ஒன்றும் இல்லை. அவரைத் துரத்தும் அளவுக்கு நன்றாக இருக்கிறது.

அத்தை


கீழ்த்தளப் பின்னறை,
நவம்பர் 4

அன்பு மருமகன், ஆருயிர் வாலுவுக்கு,

மாமாவின் ஆசி. இந்தக் கடிதத்தை ஒரே மூச்சில், எழுந்திருக்காமல் எழுதுகிறேன்.

போன வாரம் படம் எடுத்தார்கள். மருந்து இல்லாமலே கட்டி அப்படியே அடங்கிக் கிடக்கிறது, ஓரம் கொஞ்சம் தேய்ந்தும் இருக்கிறதாம். சில பேர் உடம்பில் கண் திறந்த காவல்காரர்கள் மருந்து நின்ற பிறகும் வேலையை விடுவதில்லை என்கிறார் டாக்டர். எனக்கும் அப்படியே இருக்கும் என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை. அடுத்தடுத்த படங்களைப் பார்த்துத்தான் மறுபடி மருந்து தருவதா என்று யோசிப்பார்கள். பயம் இருக்கிறது. ஆனால் இப்போது பயத்தை அத்தையும் பாதி தூக்குகிறாள்.

படம் எடுக்கும் வரிசையில் எனக்கு முன்னால் யார் என்று நினைக்கிறாய்? தையல்காரர். என் சட்டையின் காலரைப் பிடித்து, "இதைத் தைச்சவனைக் கொண்டு வாங்க" என்கிறார். அவர் செத்துப்போய்விட்டார் என்று நான் முடிவே கட்டியிருந்தேன். அவரும் என்னைப் பற்றி அப்படித்தான் நினைத்தாராம். ரெண்டு ஆவிகளும் கேன்டீனில் டீ குடித்தோம்.

நேற்று டெப்போவுக்கு பஸ்ஸில் போனேன். புண் இன்னும் முழுக்க ஆறவில்லை, பாதி வழியில் முட்டியது. பல்லைக் கடித்துக் கொஞ்ச தூரம் போனேன். அப்புறம் டிரைவரிடம் எழுந்துபோய், "தம்பி, ஒரு நிமிஷம் ஓரம் கட்டுப்பா, எனக்குத்தான்" என்றேன். கட்டினான். பெட்ரோல் பங்க் கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தேன். ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை. ஒரு குழந்தை மட்டும் எனக்குக் கை காட்டியது.

நீ செய்ததற்கு என்ன சொல்வது என்று தெரியாமல்தான் இத்தனை நாள் கழித்தேன். அதை நேரில் சொல்கிறேன். எழுத்தில் வேண்டாம், நீ விடுதியில் படித்துக் காட்டுவாய்.

ஒன்றுதான் மண்டையைக் குடைகிறது. நீ என் குரலில் எப்படிப் பேசினாய் என்று சிஸ்டரைக் கேட்டால், "நீங்கதானே பேசினீங்க" என்று சொல்லிச் சிரிக்கிறார். அரையாண்டு விடுமுறைக்கு இங்கே வருகிறாய். சிஸ்டர், டாக்டர், தையல்காரர், அத்தை எல்லோருக்கும் முன்னால் அதை அப்படியே பேசிக் காட்டுகிறாய். எல்லோரிடமும் சொல்லி வைத்துவிட்டேன்.

உன் மாமா


விடுதி,
நவம்பர் 11

அன்புள்ள மாமாவுக்கு,

மிக நலம். உங்கள் கடிதத்தைப் படித்ததும் தூங்குமூஞ்சியை எழுப்பிக் கட்டிப்பிடித்தேன். அவன் இன்னும் காரணம் கேட்கவில்லை.

விடுமுறைக்குக் கட்டாயம் வருகிறேன். ஆனால் அந்த நிகழ்ச்சி சம்பந்தமாக ஒரு சிறு திருத்தம் இருக்கிறது. சிறு என்றால், கிட்டத்தட்ட முழுவதும்.

பூனை நடை நடக்கவில்லை. கொக்கு செடிக்குத் தண்ணீர் விடவும் போகவில்லை. உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். கைப்பேசி கேட்க வந்திருக்கிறேன் என்று நினைத்து, "முடியாது" என்றார். நான், "மாமாவுக்கு ரத்தம் போகுது சார்" என்றேன். கடித உறையை நீட்டினேன். உறையை வாங்கி அவரே எண்ணைச் சுழற்றினார். நான் பேசி முடிக்கும்வரை பக்கத்திலேயே, இரண்டு காலிலும் நின்றார்.

அடுத்தது குரல். கனைத்தது நிஜம். "நான் டிரைவர் பேசுறேம்மா" என்றதும் நிஜம். ஆனால் 'டிரைவர்' உங்கள் குரலில் ஆரம்பித்துத் தவளைக் குரலில் முடிந்தது. சிஸ்டர், "தம்பி, நீங்க யாரு? அழாம மெதுவா சொல்லுங்க" என்றார். அழுகிறேன் என்பதே அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. மிச்சம் எல்லாவற்றையும் என் சொந்தக் குரலில்தான் சொன்னேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. நான் கூப்பிட்டதாகச் சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சினேன். "சரி, அவரே கூப்பிட்டார்னு வெச்சுக்கறேன்" என்றார். அவர் இன்றுவரை வார்த்தை தவறவில்லை. உளறியது நான்தான், அதுவும் பெருமையடித்து.

உங்கள் குரல் எனக்கு வராது மாமா. பெஞ்சின் மேல் ஏறினபோதும் வரவில்லை. பையன்கள் கைதட்டியது பெஞ்சு ஆடி நான் விழுந்ததற்கு.

தையல்காரரிடம் நிகழ்ச்சி ரத்து என்று சொல்லிவிடுங்கள். அத்தையிடம் மட்டும் காரணத்தைச் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
சுருட்டி வைக்கப்பட்ட
வாலு